உள்ளதைச் சொல்லும் ஊர்

வெர்லின் ஆஸ்டர்காம்ப் அறுபத்தெட்டு வயதுவரை யாரிடமும் எதையும் பேசி விற்றதில்லை. சோளமும் பன்றியும் விற்றிருக்கிறார்தான். ஆனால் அவற்றுக்கு விலை சொல்லுகிறவர்கள் வேறு ஆட்கள். இவர் லாரியில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறவர். அப்படிப்பட்ட மனிதரைப் பிடித்து, ஒரு முழுக் கவுண்டியையே, அதாவது ஒரு மாவட்டத்தையே, ஒரே நாளில் ஒரு சிகாகோக்காரிக்கு விற்றுவிட்டு வா என்று அனுப்பினார்கள்.

விஷயம் இதுதான். ப்ரூவர் டவுனில் இருக்கிற சின்ன க்ளினிக்கில் வெகுகாலம் வைத்தியம் பார்த்துவந்த அம்மாள், முழங்கால் இரண்டும் மக்கர் செய்ய ஆரம்பித்ததும் அரிசோனாவுக்கு வெயில் காயப் போய்விட்டார். அவர் டாக்டர்கூட இல்லை. மருந்து எழுதித் தரும் உரிமை பெற்ற நர்ஸ். ஆனாலும் அந்தப் பக்கத்துக்கு அவர்தான் டாக்டர். இப்போதைக்கு நகரத்திலிருந்து யாரோ ஒருவர் முறைவைத்து வந்து போகிறார். அறுவடைக்குள் நிரந்தரமாக ஆள் கிடைக்காவிட்டால் க்ளினிக்கை மூடிவிடுவோம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. வேலைக்கு விசாரித்தவர்களில் பலர் ஊரை வரைபடத்தில் பார்த்ததோடு சரி. நேரில் வந்து பார்க்கிறேன் என்று சொன்னவள் யெசெனியா பராகான் ஒருத்திதான். அவளுக்கு ஊரைச் சுற்றிக் காட்ட வேண்டும். கவுண்டி போர்டில் உள்ளவர்களிலேயே வேலை வெட்டி குறைவாகவும் வண்டி சுத்தமாகவும் இருந்தது வெர்லினுக்குத்தான்.

போர்டில் யாருக்கும் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. அவள் வராவிட்டால் முதலில் ஊரைவிட்டுப் போகிற குடும்பம் வெர்லினுடையதாகத்தான் இருக்கும்.

அவர் மனைவி ஆர்டிஸுக்குக் குடலில் புற்றுநோய். அறுத்து எடுத்தார்கள், ஈரலில் மறுபடியும் தலைகாட்டியது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை க்ளினிக்கில் போய் மருந்து ஏற்றிக்கொள்கிறாள். இது எதுவரை என்று யாரும் சொல்லவில்லை, நீளும் என்று மட்டும் சொன்னார்கள். க்ளினிக் மூடிவிட்டால் நகரத்துக்குத்தான் போக வேண்டும். ஜனவரியில் க்ளினிக்குக்கு ஆள் வராத ஒரு வாரம் அப்படிப் போய்த் திரும்பும்போது உறைந்த சாலையில் கார் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கியது. மருந்து ஏறிய உடம்போடு ஆர்டிஸ் பக்கத்து சீட்டில் நடுங்கிக்கொண்டிருக்க, நண்பர் டெல்மர் டிராக்டரோடு வந்து இழுத்துவிடும்வரை வெர்லின் அவள் கைகளைத் தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகுதான் மினியாபொலிஸிலிருந்து மகன் கர்ட் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்: "க்ளினிக் மூடினா வீட்டை வித்துட்டு இங்க வந்துடுங்க. கீழ் ரூம் உங்களுக்குத்தான்." நல்ல பிள்ளை, நல்ல மருமகள். இருந்தும் அந்த வீட்டில் காப்பிக் கோப்பை எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு வாழவேண்டும். சரி என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். ஒத்துக்கொண்ட நாளிலிருந்து இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அன்று காலை வெர்லின் தொப்பியை எடுக்கும்போது ஆர்டிஸ் சமையலறையிலிருந்து வந்து வழிமறித்தாள்.

"இங்க பாரு வெர்லின். என் சீக்கைப் பத்தி அந்தப் பொண்ணுகிட்ட மூச்சு விடக்கூடாது."

"நான் எதுக்குச் சொல்லப் போறேன்?"

"நீ சொல்லுவ. மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டே சொல்லுவ. அவ ஊரைப் பாத்து வரட்டும். என்னைப் பாத்து வர வேண்டாம். பாவம் பாத்து வர்றவ, பாவம் தீந்ததும் போயிடுவா."

வெர்லின் தலையாட்டினார். நியாயமாகத்தான் பட்டது. ஆனால் கையில் இருந்த ஒரே துருப்புச்சீட்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிற மாதிரியும் இருந்தது.

ஏப்ரல் மாதத்தில் அந்தக் கவுண்டியை மனிதர் யாருக்கும் காட்டக்கூடாது. பனி போயிருக்கும், பச்சை வந்திருக்காது. அடிவானம்வரை கறுப்புச் சேறு, அதன்மேல் ஓயாத காற்று. போதாக்குறைக்கு எல்லோரும் பன்றிச் சாணத்தை வயலில் அடிக்கிற பருவம். மோட்டல் வாசலில் வண்டியில் ஏறிய யெசெனியா முதல் வேலையாகக் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். முப்பத்தெட்டு வயதிருக்கும், கூந்தலை இறுக்கிக் கட்டியிருந்தாள், கேட்பதைச் சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"ஐயா, இந்த நாத்தம் எப்பவும் இப்படித்தானா?"

"சேச்சே, இல்லம்மா" என்று ஆரம்பித்த வெர்லினுக்கு அதற்கு மேல் பொய் வரவில்லை. "இலையுதிர் காலத்துல இன்னும் ஜாஸ்தி."

முதலில் ஜானெலின் கடைக்குக் காப்பி குடிக்க அழைத்துப்போனார். வட்ட மேஜையில் வழக்கமான கிழவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவளிடம் என்ன பேச வேண்டும் என்று முதல் நாளே எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தது. யெசெனியா அவர்களைப் பார்த்து, "இந்த ஊர்ல வாழ்க்கை எப்படி இருக்கு?" என்று நேராகவே கேட்டாள்.

கிழவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "மோசம்னு சொல்ல முடியாது" என்றார் ஒருவர். மற்றவர்கள் ஆமோதித்தார்கள்.

அந்த ஊரில் அதற்கு மேல் ஒரு புகழ்ச்சி கிடையாது. பொன்விழாக் கல்யாண நாளில் மனைவியைப் பற்றிப் பேசச் சொன்னபோதும் அதே கிழவர் அதே வார்த்தையைத்தான் சொன்னார், அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன்னுடையதைத் தானே புகழ்வது அங்கே சட்டை போடாமல் சர்ச்சுக்குப் போவது மாதிரி. இதெல்லாம் சிகாகோவிலிருந்து நேற்று வந்தவளுக்கு எப்படித் தெரியும்? அவள் முகம் மாறாமல் காப்பியைக் குடித்தாள்.

ஜானெலாவது கைகொடுப்பாள் என்று பார்த்தார் வெர்லின். அவள் கெட்டிலோடு வந்து மேஜையில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். "உண்மையைச் சொல்றேன் கண்ணு, குளிர்காலம் பாதி வருஷம் இருக்கும். நல்ல துணிமணி வாங்கணும்னா நாள் முழுக்க ஆயிடும். போன் சிக்னல் வேணும்னா தானியக் கிடங்கு பக்கத்துல போய் நிக்கணும். அப்புறம் இங்க யாரு என்ன பண்ணினாலும் மத்தியானத்துக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்சுடும்."

"நல்லது ஏதாவது?" என்றாள் யெசெனியா.

ஜானெல் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். "காப்பி மறுபடி ஊத்தினா காசு கிடையாது" என்றாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே ஒரு குளத்துத் தவளைகள் அத்தனையும் ஒன்றுகூடிக் கத்தின. வெர்லின் யெசெனியாவை வெளியே கிளப்பிக்கொண்டு வருவதற்குள், வட்ட மேஜைக்காரர் ஒருவர் போன வருஷத்துச் சூறாவளி யார் வீட்டுக் கூரையை எங்கே கொண்டுபோய்ப் போட்டது என்பதைச் சொல்லி முடித்திருந்தார்.

பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. யெசெனியாவின் பையனுக்கு ஒன்பது வயது. வகுப்புக்குப் பதினைந்து பிள்ளைகள்தான் என்று தெரிந்ததும் அவள் சுவரில் ஒட்டியிருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். சிகாகோவில் சம்பளத்தில் பாதிக்கு மேல் வாடகைக்கே போகிறது, பையன் மாடியிலிருந்து இறங்கினால் விளையாட ஒரு கார் நிறுத்தும் இடம்தான் இருக்கிறது என்று வண்டியில் ஏறும்போது தானாகவே சொன்னாள். அதைக் கேட்ட வெர்லினுக்கு நம்பிக்கை துளிர்த்தது. காசு விஷயத்தில் எங்களை அடிக்க யாராலும் முடியாது, வீட்டைக் காட்டினால் மசிந்துவிடுவாள் என்று நேராக டெல்மர் வீட்டுக்கு வண்டியை விட்டார்.

டெல்மர் ஹாக் சின்ன வயதிலிருந்து கூட்டாளி. மனைவி போனபிறகு மகள் வீட்டுப் பக்கத்தில் சின்னதாக ஒன்று கட்டிக்கொண்டு, டவுன் ஓரத்தில் இருந்த பெரிய வீட்டை விலைக்குப் போட்டிருந்தார். நாலு படுக்கையறை, முன்னால் மேப்பிள் மரம், பின்னால் கால்பந்து ஆடுகிற அளவுக்குப் புல்வெளி. யெசெனியா வாசலிலேயே நின்றுவிட்டாள். வெர்லின் அவள் முகத்தைப் பார்த்தார். கிடைத்துவிட்டது என்று நினைத்தார்.

"என்ன விலை சொல்றீங்க?"

"எண்பத்தஞ்சாயிரம்" என்றார் டெல்மர் தரையைப் பார்த்து.

"எண்பத்தஞ்சா? ரொம்ப நியாயமான விலைங்க."

உலகத்தில் வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் கையைக் குலுக்கியிருப்பான். டெல்மரின் காது சிவந்துவிட்டது. ஏதோ திருடும்போது பிடிபட்டவர் மாதிரி தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டினார். "இல்ல, அது கொஞ்சம் ஜாஸ்திதான். எழுபத்தெட்டுன்னு வச்சுக்கலாம்."

யெசெனியாவின் கண் சுருங்கியது. "நான்தான் சரின்னு சொன்னேனே. எதுக்குக் குறைக்கறீங்க? வீட்ல என்ன கோளாறு?"

"டேய் டெல்மர்" என்றார் வெர்லின் பல்லைக் கடித்துக்கொண்டு. டெல்மர் காதில் அது விழவில்லை. கேள்வி என்று ஒன்று கேட்டுவிட்டால் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை என்று வளர்ந்த மனிதர். அவளை நிலவறைக்கே அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

"இதோ பாருங்கம்மா, இந்தக் கோடு தெரியுதா? வசந்த மழையில தண்ணி இதுவரைக்கும் வரும். பம்ப் ஓடும். கரண்ட் போனா பம்ப் ஓடாது. கூரை இன்னும் ரெண்டு வருஷம் தாங்கினா அதிர்ஷ்டம். மேல் பரண்ல ரக்கூன் குட்டி போட்டுது, அடைச்சிட்டேன், ஆனா அது புத்திசாலி. பின்பக்கம் பழைய கிணறு ஒண்ணு இருக்கு, அந்தத் தண்ணியை வாயில வைக்காதீங்க. நாங்க வயல்ல போட்ட உரமெல்லாம் அதுலதான் இருக்கு. குழாய்த் தண்ணி நல்லாயிருக்கும். அப்புறம் அக்டோபர்ல எங்க சித்தப்பா பையன் சோளம் காயவைக்கற விசிறியைப் போட்டா, தூங்க விடாது."

"வேற?" என்றாள் யெசெனியா.

"வேறயா..." டெல்மர் நிஜமாகவே யோசித்தார். "பக்கத்து வீட்டு அம்மா பாடுவாங்க. நல்லாவும் பாட மாட்டாங்க."

அவள் கொஞ்ச நேரம் சுவரில் இருந்த கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போனை எடுத்து ஏதோ தட்டினாள். இங்கே சிக்னல் கிடைக்காதே என்று சொல்ல வாயெடுத்த வெர்லின், நல்லவேளையாக ஒரு குறையையாவது விழுங்கிக்கொண்டார்.

வெளியே வந்ததும் டெல்மரை ஓரமாக இழுத்துக்கொண்டு போய், "ஏண்டா, வீட்டை விக்கச் சொன்னா எரிச்சுட்டுப் போன்னு சொல்ற மாதிரி பேசறியே, உனக்கு மூளை இருக்கா?" என்றார்.

"அந்தப் பொண்ணு குழந்தையோட வரப்போறா. அப்புறம் தண்ணி வந்துதுன்னா என்னை என்ன நினைப்பா?"

"வந்தாத்தானேடா நினைப்பா!"

வெர்லினுக்கும் தெரியும், தானாக இருந்தாலும் அந்தக் கோட்டைக் காட்டித்தான் இருப்பார்.

தெரியும் என்பது மட்டுமில்லை, அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அதைச் செய்தும் காட்டினார். க்ளினிக்கைப் பார்த்துவிட்டு வீட்டுக்குச் சாப்பிட வரும் வழியில் யெசெனியா சொன்னாள்: "உங்ககிட்ட மறைக்க வேணாம் ஐயா. விஸ்கான்ஸின்ல ஒரு இடத்துலயும் கூப்பிடறாங்க. நாளைக்கு ரெண்டு பேருக்கும் பதில் சொல்லணும். அங்க சம்பளம் கொஞ்சம் கூட. ஏரிக்கரையில வீடு."

"எந்த ஏரி?"

அவள் பெயரைச் சொன்னாள். வெர்லினின் முகம் தன்னையறியாமல் மலர்ந்தது. "அடடா, அருமையான ஏரியாச்சே! நாங்க மீன் பிடிக்கப் போயிருக்கோம். தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும். பையனுக்கு ரொம்பப் பிடிக்கும்மா."

சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறார். தாழியைத் தூக்கித் தானே கல்லில் அடிப்பவனை இன்றைக்குத்தான் வண்டியின் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தார். வழியில் எதிர்ப்பட்ட வண்டிகளுக்கெல்லாம் வழக்கம்போல ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினார். அதுகூடச் சரியாகத் தூக்கவில்லை.

ஆர்டிஸ் காரமான பீன்ஸ் குழம்பும் இலவங்கப்பட்டை உருட்டு ரொட்டியும் செய்திருந்தாள். பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டில் தொடங்கி அந்தப் பக்கத்தில் இரண்டையும் சேர்த்துத்தான் சாப்பிடுவார்கள். இனிப்பு ரொட்டியைக் குழம்பில் தோய்ப்பதைப் பார்த்து யெசெனியா முதலில் முகத்தைச் சுளித்தாள், பிறகு இரண்டாவது ரொட்டியை எடுத்தாள். ஆர்டிஸ் தலையில் துணியைக் கட்டியிருந்தாள், கன்னத்தில் கொஞ்சம் சாயம் பூசியிருந்தாள், இல்லாத தெம்பையெல்லாம் எங்கிருந்தோ கடன் வாங்கிவந்தவள் மாதிரி பேசினாள். தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை வரவிடவில்லை. பையனைப் பற்றிக் கேட்டாள், அவனுக்குச் சாப்பாட்டில் என்ன பிடிக்கும் என்று கேட்டாள். யெசெனியாவும் ஊரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வெர்லின் தட்டைப் பார்த்தே சாப்பிட்டார். கேட்பதற்கு எதுவும் மிச்சமில்லாதவர்கள்தான் கேட்க மாட்டார்கள்.

இருட்டுவதற்குள் மோட்டலுக்குப் போகவேண்டும், காலையில் விமானம் என்றாள் அவள். அவளுடைய வாடகைக் காரை போர்டு ஆள் ஒருவர் மதியமே வெர்லின் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டிருந்தார். வெர்லின் இரண்டு தொடையிலும் தட்டிக்கொண்டு, "சரி, அப்போ..." என்றார்.

அந்த ஊரில் விடைபெறுவது ஒரே மூச்சில் நடக்கிற காரியமில்லை. மேஜையில் ஒருமுறை, கதவுக்குப் பக்கத்தில் ஒருமுறை, படியில் ஒருமுறை, கடைசியாகக் கார்க் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை. சாப்பாட்டு மேஜையில் வாயே திறக்காதவர்கள், கதவுப் பிடியில் கைவைத்தபிறகுதான் மகளின் விவாகரத்தைச் சொல்வார்கள். சிகாகோக்காரி முதல் "சரி"யிலேயே எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். ஆர்டிஸ் விடுவாளா?

"இரு கண்ணு, வெறுங்கையோட போகாத. நம்ம சோளம் இருக்கு, போன வேனல்ல உதிர்த்து வச்சது. பையனுக்குக் குடு."

"விமானத்துல எப்படிங்க..."

"பைல சுத்தித் தர்றேன், ஒண்ணும் ஆகாது."

பேச்சு மும்முரத்தில் ஆர்டிஸ் யோசிக்காமல் செய்த காரியம் அது. கொக்கியில் தொங்கிய கம்பளிக் கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டு, பின்பக்கத்து உறைபெட்டியைத் திறந்து, சோளப் பொட்டலங்களை எடுத்தாள். வீட்டுக்குள்தான் நின்றிருந்தாள், அடுப்பு இன்னும் ஆறவில்லை. அந்த மருந்து ஏறிய விரல்களில் குளிர் பட்டால் கண்ணாடித் தூள் குத்துகிற மாதிரி வலிக்கும். அதனால் இந்த ஆறு மாதமாகப் பால் எடுப்பதென்றாலும் கையுறை போட்டுத்தான் எடுப்பாள். அவளுக்கும் வெர்லினுக்கும் அது பழகிப்போன ஒன்று.

யெசெனியா கையுறையைப் பார்த்தாள். பிறகு ஆர்டிஸின் தலைத்துணியை, கன்னத்துச் சாயத்தை. வெர்லின் அவள் பார்ப்பதைப் பார்த்தார். ஒரு கணம்தான். அவள் இரண்டு கையாலும் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, ஆர்டிஸைக் கட்டிப்பிடித்து, "குழம்பும் ரொட்டியும் சேர்த்துச் சாப்பிடலாம்னு எவன் கண்டுபிடிச்சான்?" என்றாள். ஆர்டிஸ் சிரித்தாள். கதவடியிலும் படியிலும் பேசவேண்டியதைப் பேசி முடித்து, குளிர்கிறது என்று உள்ளே போனாள்.

காருக்குப் பக்கத்தில் வெர்லின் மட்டும் நின்றார். அவள் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினாள். அவர் கூரையில் கையை ஊன்றிக்கொண்டு, வடக்கே மேகம் கூடுவதைப் பார்த்தார். மழை வரும் என்று சொல்லலாமா என்று யோசித்தார்.

"மருந்து எங்க ஏத்திக்கறாங்க?" என்றாள் யெசெனியா.

அவர் திரும்பவில்லை. "சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காம்மா."

"நீங்க எங்க சொன்னீங்க? நான் நர்ஸ் ஐயா. ஏப்ரல் மாசத்துல வீட்டுக்குள்ள கையுறை போடறவங்களை எனக்குத் தெரியாதா? நம்ம க்ளினிக்லதானே?"

"ஆமா."

"நான் வரலைன்னா?"

நாள் முழுக்க ஊரே உண்மை பேசியிருக்கிறது. இதில் மட்டும் பொய் சொல்ல அவரால் எப்படி முடியும்? "மூடிடுவாங்க. நாங்க வித்துட்டுப் பையன் வீட்டுக்குப் போயிடுவோம். நல்ல பையன். அதுல ஒண்ணும் குறையில்லை." அதோடு நிறுத்தத்தான் நினைத்தார். வாய் கேட்கவில்லை. "எனக்குப் போக இஷ்டமில்லைம்மா. அவளுக்கும் இல்லை. ஆனா அதுக்காக நீ வரக்கூடாது. அதுதான் அவ சொல்றது. எங்களைப் பாத்து வராத. நீ உன் பையனைப் பாரு. அந்த ஏரி நிஜமாவே நல்ல ஏரி."

வாழ்நாளில் யாரிடமும் எதையும் கேட்காத மனிதர், கேட்கவும் செய்து வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு, காரின் கூரையைத் தடவிக்கொண்டு நின்றார். கண் நிறைந்துவிட்டது. காற்று என்று சொல்லிக்கொள்ளலாம்; காற்றும் அடித்துக்கொண்டுதான் இருந்தது.

யெசெனியா எஞ்சினை அணைத்துவிட்டுக் காரைவிட்டு இறங்கி வந்தாள்.

"என்ன ஜனங்கய்யா நீங்க!" என்றாள். கோபமா சிரிப்பா என்று தெரியாத குரல். "காலையிலேருந்து நாத்தம், சூறாவளி, ரக்கூன், விஷக் கிணறு எல்லாத்தையும் தட்டுல வச்சுக் காட்டினீங்க. நான் இங்க தேவைங்கற ஒண்ணை மட்டும் ஒளிச்சு வச்சுட்டீங்க. யாராவது இப்படி வியாபாரம் பண்ணுவாங்களா?"

"எங்களுக்கு வியாபாரம் வராதும்மா."

"தெரியுது." அவள் கோட்டின் கழுத்தை இழுத்து மூடிக்கொண்டாள். "சிகாகோல நாங்க ஒரு வீடு வாங்கினோம். நிலவறைச் சுவர்ல புது பெயின்ட் அடிச்சு, பூச்செண்டு வச்சிருந்தாங்க. முதல் மழையில முழங்கால் வரைக்கும் தண்ணி. வித்தப்போ வாங்கின காசு பாதிகூடத் திரும்பலை. அன்னிலேருந்து யாராவது நல்லாயிருக்குன்னு சொன்னாலே எனக்கு நம்பிக்கை வராது. விஸ்கான்ஸின்ல எல்லாரும் எல்லாம் சொர்க்கம்னாங்க. ஒருத்தர்கூட ஒரு குறை சொல்லலை."

வெர்லின் அவளைப் பார்த்தார்.

"டெல்மர் அந்தக் கோட்டைக் காட்டினாரே, அப்பவே என் வீட்டுக்காரருக்கு எழுதிட்டேன், வந்துடலாம்னு. சிக்னல் இல்லாம மெசேஜ் போக மாட்டேன்னுது. க்ளினிக் வந்தப்புறம்தான் போச்சு. வண்டியில உங்ககிட்ட சொல்லலாம்னு விஸ்கான்ஸின் பேச்சை எடுத்தா, நீங்க ஏரியைப் புகழ ஆரம்பிச்சுட்டீங்க! எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, இவங்களுக்கு நான் வர்றது பிடிக்கலையோன்னு. அதான் சாப்பாட்டுல வாயைத் திறக்கலை."

"பிடிக்கலையா!" என்றார் வெர்லின்.

"ஜூலை கடைசியில வந்துடறேன். அவங்களுக்கு மருந்து ஏத்தற நாளெல்லாம் நான் இருப்பேன். அவங்களைப் பாத்து வரலைன்னு சொல்லுங்க. மத்தியானமே முடிவாயிடுச்சுன்னு சொல்லுங்க."

கார் சரளைச் சாலையில் தூசியைக் கிளப்பிக்கொண்டு திரும்பும்வரை வெர்லின் கையைத் தூக்கிக்கொண்டே நின்றார். அப்புறம் வீட்டுக்கு நடந்தார். நெஞ்சில் ஜனவரியிலிருந்து உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போய்விட்டது. அந்த இடம் காலியாக, லேசாக, கொஞ்சம் வலியோடுகூட இருந்தது. பிழைத்தோம் என்று வாய்விட்டுச் சொன்னார். கேட்க யாரும் இல்லை, வெட்கப்படவும் தேவையிருக்கவில்லை.

ஆர்டிஸ் ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாக, "சொல்லிட்ட, இல்ல? உன் மூஞ்சியே சொல்லுது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு..." என்று ஆரம்பித்தாள்.

"நான் சொல்லலை. நீதான் கையுறையை மாட்டிக்கிட்டு நின்ன."

ஆர்டிஸ் தன் கைகளைப் பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது. "ஐயோ" என்றாள். "பாவம் பாத்தாளா?"

"இல்லடி. டெல்மர் வீட்டு நிலவறையிலேயே முடிவு பண்ணிட்டாளாம். உன்னைப் பாக்கறதுக்கு முன்னாடியே. ஜூலைல வர்றா."

"முன்னாடியேவா? உண்மையைச் சொல்லு."

"நான் என்னிக்குப் பொய் சொன்னேன்?"

ஆர்டிஸ் நாற்காலியை இழுத்து மெதுவாக உட்கார்ந்தாள். அறுவை சிகிச்சைக்கு அழாதவள், முடி கொட்டியபோது அழாதவள், இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்க அழுதாள். வெர்லின் பக்கத்தில் நின்று அவள் முதுகைத் தடவினார்.

"டெல்மர்கிட்ட சொல்லு" என்றாள் அழுகைக்கு நடுவில். "கூரையை மாத்திக் குடுத்துட்டுத்தான் விக்கணும். குழந்தை இருக்கப்போற வீடு."

"சொல்றேன்."

"கர்ட்டுக்கு?"

"நீயே சொல்லு. இல்ல, நாளைக்கு ரெண்டு பேருமா சொல்லலாம்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கன்னத்துச் சாயமெல்லாம் கையோடு வந்துவிட்டது. அடியில் இருந்த வெளுத்த முகத்தோடு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நாம போக வேண்டாம், இல்ல?"

"வேண்டாம்" என்றார் வெர்லின்.

"இன்னொரு தடவை சொல்லு."

"வேண்டாம்டி. எங்கயும் போக வேண்டாம்."